வயிற்றில் வளர்ந்த வதந்தி

"உலகத்திலே மிகவும் வேகமாகப் பிரயாணம் செய்வது எது?" என்று ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டேன். "ஒளி, ஐயா!" என்று ஒரு பையன் துள்ளி எழுந்தான். விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் என்று கணக்கையும் ஒப்புவித்தான். பாடப் புத்தகத்தின்படி அவன் சொன்னது முழுதும் சரி. ஆனால் எங்கள் ஊர்த் தெருக்களில் ஒளியையும் தோற்கடிக்கக் கூடிய வஸ்து ஒன்று உண்டு. அதன் பெயர் வதந்தி. அதற்குக் கால் கிடையாது. ஆயினும் பொழுது விடிவதற்குள் நான்கு வீதியையும் வலம் வந்து விடும்.

அப்படிப்பட்ட வதந்தி ஒன்றைப் பற்றியும், அது எந்த இடத்தில் பிறந்ததோ அந்த இடத்தைப் பற்றியும் இந்த வாரம் எழுத எண்ணியிருக்கிறேன். அது பிறந்த இடம் ஒரு சிறுமியின் வயிறு. விஷயம் வைத்தியத்தைச் சேர்ந்தது. அடியேன் வைத்தியன் அல்லன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் போதிக்கிறவன். ஆகவே டாக்டர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் தெரிந்து கொண்டதை, வகுப்பில் சொல்லுகிற மாதிரியே நேயர்களுக்குச் சொல்லுகிறேன்.

அந்தப் பெண் என் வகுப்பு மாணவி. வயது பதினான்கு. தகப்பனார் இல்லை. தாயார் பூக் கட்டி விற்று ஜீவனம் செய்கிறவள். பெண் கெட்டிக்காரி, கோகோ விளையாட்டிலே அவளைப் பிடிக்க யாராலும் முடியாது. அப்பேர்ப்பட்டவள் சில மாதங்களாக மைதானத்துக்கு வருவதை நிறுத்தினாள். பிறகு முதல் பெஞ்சியிலிருந்து கடைசிப் பெஞ்சிக்குப் போனாள். கையும் காலும் மெலிந்து கொண்டே வந்தன. வயிறு மாத்திரம் பெருத்துக் கொண்டே வந்தது. புத்தகப் பையை எப்போதும் மடிமேல் அணைத்து வைத்துக் கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

முதலில் பூச்சி என்றார்கள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். அப்புறம் வாயு என்றார்கள். பெருங்காயமும் ஓமமும் கரைத்துக் கொடுத்தார்கள். பாட்டி, 'குலதெய்வத்துக்குப் பிரார்த்தனை பாக்கி' என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். ஒருவர் தொக்கம் எடுத்தார். மற்றொருவர் எண்ணெய் போட்டு வயிற்றை உருவி விட்டார். இத்தனைக்கும் வயிறு அசைந்து கொடுக்கவில்லை. அப்போதுதான் தெருவிலே வேறு ஒரு பேச்சுக் கிளம்பியது. அது என்ன பேச்சு என்று நான் விளக்க வேண்டியதில்லை. தகப்பன் இல்லாத ஏழைப் பெண்ணின் வயிறு பெருத்தால் ஊரார் என்ன பேசுவார்களோ, அதைப் பேசினார்கள். 'கொஞ்ச நாளைக்கு அந்தப் பெண் பள்ளிக்கு வராமல் இருப்பது நல்லது' என்று உபாத்தியாயர்களின் அறையிலேயே ஒருவர் யோசனை சொன்னார். நானும் அந்த அறையில் இருந்தேன். இரண்டு வாரம் வரையில் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தேன். அதை இங்கே மறைப்பதற்கில்லை.

ஒரு சாயங்காலம் அந்தத் தாயார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "ஐயா, என் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. அவள் வயிற்றிலே என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்துச் சொன்னால் போதும்" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. மறுநாள் காலையில் என் மனைவியும் நானும் தாயையும் பெண்ணையும் அழைத்துக் கொண்டு ஜில்லாத் தலைநகரிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம்.

* * *

அங்கே இருந்த டாக்டர் ஒரு பெண்மணி. அவர் முதலில் எங்களை யெல்லாம் வெளியே அனுப்பி விட்டுப் பெண்ணுடன் தனியாகப் பேசினார். சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்தார். ஐந்து நிமிஷத்தில் தெருப் பேச்சு பொய் என்று தீர்ந்து விட்டது. ஊரார் மாதக் கணக்கில் வளர்த்த கதைக்கு ஆயுள் ஐந்தே நிமிஷந்தான்!

அப்புறம் பெண்ணைப் படுக்க வைத்து, இடது கை விரலை வயிற்றின் மேல் வைத்து, வலது கை விரலால் அதன்மேல் தட்டிப் பார்த்தார். சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம் அல்லவா? கிட்டத்தட்ட அதே சாஸ்திரந்தான். வைத்திய உலகத்துக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் வியன்னா நகரத்து டாக்டர் ஆயுன்பிருக்கர். அவருடைய தகப்பனார் கிராஸ் என்னும் ஊரில் விடுதி நடத்தியவர். பீப்பாயில் மது எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை வெளியே தட்டிப் பார்த்துச் சொல்லும் வித்தையைப் பையன் அங்கே கண்டிருந்தான் என்று சொல்லுவார்கள். 1761-ம் வருஷம் அவர் இந்த முறையைப் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். ஆனால் அதை அநேகமாக ஒருவரும் பொருட்படுத்தவில்லை. நெப்போலியன் சக்கரவர்த்தியின் வைத்தியராயிருந்த கோர்விஸார் 1808-ல் அதைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட பிறகே தட்டிப் பார்ப்பது எங்கும் பரவியது.

தட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? வயிற்றில் நீர் சேருவதற்கு நம்மவர்கள் மகோதரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மகோதரத்தில் நீர் ஒரு பைக்குள்ளும் அடங்காமல் வயிறு முழுதும் பரவிக் கிடக்கும். நோயாளி மல்லாந்து படுத்தால் நீர் இரண்டு விலாப் பக்கங்களிலும் வழிந்து இறங்கி விடும். காற்று நிறைந்த குடல் நடுவில் மிதக்கும். ஆகையால் நடு வயிற்றில் தட்டினால் 'கணீர்' என்றும் பக்கங்களில் தட்டினால் 'மந்தம்' என்றும் ஒலி கேட்கும். நீர் ஒரு பைக்குள் அடைபட்டிருந்தாலோ கதை தலைகீழ். பை நடுவில் உட்கார்ந்து கொண்டு குடலை ஓரத்துக்குத் தள்ளி விடும். அப்போது நடுவிலே மந்தம், பக்கங்களிலே கணீர். எங்கள் பெண்ணுக்கு நடுவில்தான் மந்தமாயிருந்தது. "நீர் இருக்கிறது, ஆனால் அது ஒரு பைக்குள் இருக்கிறது" என்றார் டாக்டர்.

விரல் இவ்வளவு சொல்லும். பை எங்கிருந்து கிளம்புகிறது, உள்ளே தடுப்புச் சுவர்கள் உண்டா, கெட்டியான சதை ஏதாவது இருக்கிறதா என்பதையெல்லாம் விரலால் சொல்ல முடியாது. அதற்குத்தான் ஸ்கேன்.

* * *

ஸ்கேன் என்றால் இன்று கர்ப்பிணிகளின் ஞாபகந்தான் நமக்கு வருகிறது. ஆனால் அந்த யந்திரம் வைத்தியத்தில் முதன் முதல் பெயரெடுத்த காரியங்களில் ஒன்று, வயிற்றுக் கட்டியையும் நீர்க்கட்டியையும் பிரித்துக் காட்டியதே யாகும். அந்த வரலாறு சுவையானது.

ஸ்காட்லாந்து தேசத்தில் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் அயன் டொனால்ட் என்பவர் பிரசவ வைத்தியப் பேராசிரியராக இருந்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் விமானப் படையில் வைத்தியராக வேலை பார்த்தவர். ஒலியை அனுப்பி அதன் எதிரொலியைக் கொண்டு கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்கும் யுக்தியை அறிந்திருந்தார். 'கடலுக்குள் இருப்பதைக் காட்டுவது வயிற்றுக்குள் இருப்பதைக் காட்டாதா?' என்று அவருக்குத் தோன்றியது. பக்கத்தில் ரென்ப்ரூ என்ற ஊரில் பாய்லர் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. இரும்புத் தகட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உண்டா என்று பார்க்க அங்கே ஒலி அலைக் கருவி வைத்திருந்தார்கள். 1955-ம் வருஷம் ஜூலை 21-ந் தேதி, ஆபரேஷனில் எடுத்த கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் மோட்டார் வண்டியில் ஏற்றிக் கொண்டு பேராசிரியர் அந்தத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தார்! ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை வாங்கி வைத்திருந்தார்களாம்.

பார்த்ததில் என்ன கண்டார்? நம் காதுக்கு எட்டாத அத்தனை நுட்பமான ஒலி, தெளிந்த நீருக்குள் தடையின்றிச் செல்லுகிறது. நடுவில் எதிரொலியே இல்லை. அப்பாலுள்ள சுவரில் மோதித்தான் திரும்புகிறது. சதைக் கட்டியிலோ வழி நெடுக எதிரொலி கிளம்பிப் படிப்படியாகத் தேய்கிறது. கிணறு நீரோடு இருக்கிறதா, தூர்ந்து போயிருக்கிறதா என்று கல்லைப் போட்டுப் பார்த்துச் சொல்லுகிற மாதிரிதான்.

பிற்பாடு இந்தக் கருவிக்கு ஓர் அக்கினிப் பரீட்சை வந்தது. ஒரு ஸ்திரீக்கு இரைப்பையில் புற்றுநோய், அதனால் மகோதரம், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மற்ற வைத்தியர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். டொனால்டைக் கூப்பிட்டு அவருடைய யந்திரத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். யந்திரம் மகோதரத்தைக் காட்டவில்லை. பிரம்மாண்டமான ஒரு நீர்க்கட்டியைக் காட்டியது. ஆபரேஷன் செய்து பார்த்ததில் அது சினைப்பையில் கிளம்பிய சாதுவான கட்டி என்று தெரிந்தது. எடுத்தார்கள், அம்மாள் பிழைத்தாள். டொனால்டும் மக்விகர் என்ற வைத்தியரும் டாம் பிரவுன் என்ற இளம் என்ஜினீயரும் சேர்ந்து 1958-ம் வருஷம் ஜூன் 7-ந் தேதி 'லான்ஸெட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் தங்கள் கட்டுரையை வெளியிட்டார்கள். அந்த ஸ்திரீயைக் கொல்ல இருந்தது எது என்று நேயர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். கட்டி அல்ல, கட்டிக்கு இட்ட தப்பான பெயர்!

* * *

எங்கள் பெண்ணின் ஸ்கேன் படத்தில் கறுப்பாக ஒரு பெரிய வட்டமும், அதற்குள் நூல் நூலாக இரண்டு மூன்று வெள்ளைக் கோடுகளும் தெரிந்தன. கறுப்பு நீர், கோடுகள் மெல்லிய தடுப்புகள். சினைப்பைகள் இரண்டும் தனியே ஒழுங்காக இருந்தன. அடுத்தபடி ஸி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். அது வயிற்றை வாழைத்தண்டு நறுக்குவது போல வட்டம் வட்டமாகப் பிரித்துக் காட்டுவது. அதன் பிறகு டாக்டர் சொன்ன பெயர் 'மெசென்டெரிக் ஸிஸ்ட்' என்பது. தாயார் என்னைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் என் மனைவியின் புடவைக் கொசுவத்தைப் பார்த்தார்!

"இந்தக் கொசுவத்தைப் பாருங்கள். இடுப்பில் செருகுகிற இடத்தில் நாலு விரற்கடைதான். கீழே போகப் போக விரிந்து, விளிம்பில் எவ்வளவு நீளமாகி விடுகிறது! வயிற்றில் குடலும் இப்படித்தான் தொங்குகிறது" என்றார்.

இத்தனை வருஷமாய் நான் பலகையில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தது அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கே விளங்கியது. நம்முடைய சிறுகுடல் சுமார் 20 அடி நீளம். அவ்வளவும் ஒரு மெல்லிய இரட்டைச் சவ்வின் விளிம்பிலே தொங்குகிறது. அந்தச் சவ்வு முதுகுப் புறத்து வயிற்றுச் சுவரில் ஒட்டியிருக்கும் இடமோ சுமார் 15 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. இடப் பக்கம் மேலேயிருந்து வலப் பக்கம் கீழாகச் சாய்வாக ஓடும் கோடு அது. இந்தச் சவ்வின் மடிப்புக்குள்ளேதான் குடலுக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய்களும், நாம் உண்ணும் நெய்யும் எண்ணெயும் ஜீரணமானபின் பால் போன்ற நிணநீராக மாறி ஓடும் நுண்ணிய கால்வாய்களும் இருக்கின்றன. அந்தக் கால்வாய்களில் சில, பிறவியிலேயே பெரிய வாய்க்காலோடு சேராமல் தனித்து நின்று விடுவதுண்டு. வடிகால் இல்லாத வயல் என்ன ஆகும்? நீர் தேங்கும். தேங்கித் தேங்கிப் பை பெருக்கும். இந்த நீர்க்கட்டிகளில் பல இப்படி உண்டாகின்றன என்பது வைத்தியர்களின் கொள்கை. அடிபட்டதனாலும், வேறு திசுக்களிலிருந்தும் கிளம்புகிறவை சில உண்டு.

இது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? ஆஸ்பத்திரியில் சேரும் பெரியவர்களில் 1,00,000 பேருக்கு ஒருவர், குழந்தைகளில் 20,000 பேருக்கு ஒருவர் என்று வைத்திய நூல்கள் உத்தேசக் கணக்குச் சொல்லுகின்றன. ஒரு டாக்டர் தம் ஆயுளில் ஒன்றிரண்டைப் பார்த்தாலே அதிகம். ஆகையால் முதலில் பார்க்கிறவர் பூச்சி, வாயு என்று எண்ணினால் அவரைக் குறை கூறிப் பயனில்லை. இரண்டாவது தடவையும் அதையே எண்ணுவதுதான் குற்றம்.

கட்டி சிறிதாயிருக்கும் போது கையாலேயே அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பாரிஸ் நகரத்து ரண சிகிச்சை நிபுணர் தியோ என்பவர் பெயரால் அது வழங்குகிறது. கீல் போட்ட கதவு எப்படி அசைகிறது? கீலுக்குக் குறுக்கே தாராளமாய்ப் போய் வரும். கீலின் நீளவாட்டில் அசையாது. குடல் சவ்வில் கிளம்பிய கட்டியும் அது போலத்தான். சவ்வு ஒட்டியிருக்கும் சாய்வான கோட்டுக்குக் குறுக்கே தள்ளினால் நகரும். கோட்டின் போக்கில் தள்ளினால் அவ்வளவாக நகராது. எலுமிச்சம் பழம், சாத்துக்குடி அளவில் இருக்கும் போது இதை நன்றாய்க் காணலாம். எங்கள் பெண்ணுடையது பூசணிக்காய் அளவுக்கு வந்து விட்டது; அசைவதற்கு வயிற்றில் இடம் ஏது?

"கெட்ட கட்டி அல்லவென்று தோன்றுகிறது. ஆனால் விட்டு வைக்கக் கூடாது" என்றார் டாக்டர். கட்டி சாதுவாக இருக்கலாம். அது உட்கார்ந்திருக்கும் இடம் சாதுவானது அல்ல. பாரம் தாங்காமல் குடல் முறுக்கிக் கொள்ளலாம், அடைபடலாம், பைக்குள் இரத்தம் கசியலாம், சீழ் வைக்கலாம், அடிபட்டால் உடையலாம். அப்படி நேர்ந்தால் நள்ளிரவில் அவசர ஆபரேஷன். உயிருக்கே அபாயம்.

* * *

ஆபரேஷன் என்றதும் கூட வந்திருந்த பாட்டி, "வயிற்றைக் கிழித்தவர் பிழைத்ததுண்டா?" என்று அழ ஆரம்பித்தாள். பாட்டியைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை. இருநூறு வருஷங்களுக்கு முன் ஐரோப்பாவின் மகா வைத்தியர்களும் இதையே கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொன்னவள் அமெரிக்காக் கண்டத்துக் குடியானவப் பெண் ஒருத்தி.

கென்டக்கி மாகாணத்தில் ஜேன் டாட் கிராபோர்டு என்ற ஸ்திரீக்கு வயிறு பெருத்தது. கர்ப்பந்தான், தினம் தவறிப் போயிற்று என்று வைத்தியர்கள் சொன்னார்கள். பிரசவம் பார்ப்பதற்காக டான்வில் என்ற ஊரிலிருந்து எப்ரயிம் மக்டவல் என்ற டாக்டரை வரவழைத்தார்கள். அவர் பரிசோதித்து விட்டு, "இது கர்ப்பம் அல்ல, சினைப்பையில் வளர்ந்த கட்டி" என்றார். இதை இதுவரை ஒருவரும் வெட்டி எடுத்ததில்லை என்பதையும், இது ஒரு சோதனைதான் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அந்த அம்மாள் சம்மதித்தாள். குளிர் காலத்தில் சுமார் 60 மைல் குதிரைச் சவாரி செய்து அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். 1809-ம் வருஷம் டிசம்பர் மாதம் ஆபரேஷன் நடந்தது. மயக்க மருந்து உலகத்துக்குத் தெரிய வந்தது 1846-ல். கிருமிகளைக் கொல்லும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867-ல். இரண்டும் இல்லாத காலத்தில் அந்த அம்மாள் மேஜை மேல் படுத்து, வேதத்திலுள்ள சங்கீதங்களைச் சொல்லிக் கொண்டிருந்தாளாம். சுமார் 25 நிமிஷத்தில் 22½ ராத்தல் எடையுள்ள கட்டி வெளியே வந்தது. ஐந்தாம் நாள் டாக்டர் போய்ப் பார்த்தபோது, அம்மாள் எழுந்து தன் படுக்கையைத் தானே சரி செய்து கொண்டிருந்தாள்! அதற்கப்புறம் 32 வருஷம் ஜீவித்திருந்தாள்.

இந்தக் கதையைப் பாட்டிக்குச் சொன்னேன். "மயக்க மருந்து இல்லாமலா?" என்று கண்ணைத் துடைத்துக் கொண்டாள். "அப்படியானால் நம் குழந்தைக்கு என்ன பயம்?" என்று அவளே தீர்ப்பும் கூறி விட்டாள்.

* * *

இனி, குடல் சவ்விலுள்ள கட்டியின் சரித்திரம். இதை முதன் முதலில் குறித்து வைத்தவர் பிளாரன்ஸ் நகரத்துப் பெனிவியேனி என்ற வைத்தியர். இறந்து போன எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் உடலை அறுத்துப் பார்த்தபோது அவர் அதைக் கண்டார். அந்தக் குறிப்பு 1507-ல் வெளியாயிற்று. உயிரோடு இருக்கிற ஒருவருக்கு ஆபரேஷன் செய்து இதை வெற்றியுடன் எடுத்தவர், மேலே சொன்ன தியோ, வருஷம் 1880. செத்த பின் காண்பதற்கும் சாகாமல் காப்பதற்கும் இடையில் கிட்டத்தட்ட 370 வருஷம்!

"நீர்தானே, ஊசி போட்டு உறிஞ்சி விட்டால் என்ன?" என்று நான் கேட்டேன். கேட்கத் தக்க கேள்விதான் என்று டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். ஊற்று உள்ள குழியை இறைத்து விட்டால் மறுபடி ஊறாதா? நீரைச் சுரப்பது பையின் உட்சுவர். பை இருக்கும் வரையில் நீரும் வரும். முன் காலத்தில் பையைத் திறந்து அதன் விளிம்பை வயிற்றுத் தோலோடு வைத்துத் தைத்து, நீர் வெளியே வடியும்படி விட்டு வைப்பார்கள். புண் ஆறாமல் வடிந்து கொண்டேயிருப்பதும், கட்டி திரும்ப வருவதும் உண்டு. தவிர, நாய்களின் குடலிலுள்ள ஒரு வகை நாடாப் புழுவினாலும் மனிதர் வயிற்றில் நீர்க்கட்டி உண்டாகிறது. அதை இன்னதென்று அறியாமல் ஊசியால் குத்தி, உள்ளிருக்கும் நீர் வயிற்றில் சிந்திவிட்டால், உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை ஏற்படக் கூடும். புழுவின் வித்தும் வயிறெங்கும் பரவும். ஆகவே முதலில் பெயர். பிறகுதான் ஊசியும் கத்தியும்.

சரியான சிகிச்சை, பையை முழுசாக உரித்து எடுத்து விடுவது. பலாச் சுளையிலிருந்து கொட்டையை உரிக்கிற மாதிரி என்று சொன்னால் சுலபமாய்த் தோன்றும். ஆனால் குடலுக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய்கள் அந்தப் பையின் மேலேயே ஒட்டிக் கொண்டு போகும். அவற்றில் ஒன்று அறுந்தால் அது காக்கும் குடல் பகுதி இரத்தமின்றி அழுகி விடும். உரிக்க முடியாதபடி ஒட்டிக் கிடந்தால், அந்தத் துண்டுக் குடலையும் சேர்த்து எடுத்து விட்டு, இரண்டு முனைகளையும் இணைத்துத் தைப்பார்கள். குழந்தைகளிடம் இப்படிச் செய்ய நேருவது அதிகம். 20 அடிக் குடலில் சிறிதளவு போனால் நஷ்டம் ஒன்றுமில்லை. 1993-ம் வருஷம் முதல், தகுந்த கட்டிகளைச் சிறு துவாரங்கள் வழியாகவே எடுக்கும் முறையும் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. நீரை உறிஞ்சிப் பையைச் சுருக்கி, துவாரத்தின் வழியே இழுத்து விடுகிறார்கள்.

எங்கள் பெண்ணுக்குக் கட்டி பெரிதாகையால் வயிற்றைத் திறந்தே செய்தார்கள். மூன்று மணி நேரம் நாங்கள் வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம். தாயார் வெறுங் கையால் பூத் தொடுப்பது போல விரல்களை அசைத்துக் கொண்டேயிருந்தாள். அவளுக்கே அது தெரியவில்லை. டாக்டர் வெளியே வந்து, "முழுதும் எடுத்தாகி விட்டது. குடலும் ஒரு சாண் அளவு எடுக்க வேண்டியிருந்தது. பயமில்லை" என்றார். பைக்குள் இருந்தது பால் போன்ற நீர், ஏறக்குறைய இரண்டரை லிட்டர்.

பையின் சுவரை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். இந்த வகைக் கட்டிகளில் நூற்றுக்குச் சுமார் மூன்று தீயதாக இருப்பதுண்டு என்பதால் அந்தப் பரிசோதனை அவசியம். எங்கள் பெண்ணுடையது சாதுவானதே என்று பத்தாம் நாள் சீட்டு வந்தது. முழுதும் எடுத்து விட்டால் இது திரும்ப வருவது அபூர்வம். ஆனாலும் சில தடவை வந்து ஸ்கேன் செய்து பார்த்துக் கொள்ளும்படி சொல்லி அனுப்பினார்கள்.

* * *

நேயர்களுக்குச் சொல்ல வேண்டியது இனிச் சிறிதுதான். குழந்தையானாலும் பெரியவரானாலும், உடம்பு இளைத்து வயிறு மாத்திரம் பெருத்தால், அல்லது வயிற்றில் ஏதேனும் கட்டி கைக்குத் தட்டுப்பட்டால், தாமதிக்காமல் ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிற்றை உருவி விடுவது, அமுக்குவது, சூடு போடுவது ஒன்றும் கூடாது. உள்ளே இருப்பது மெல்லிய சுவருள்ள பையாயிருந்தால் உடைந்து போகும். பேதியும் வாந்தியும் இல்லாமல் திரும்பத் திரும்ப வயிற்று வலி வந்தாலும் அலட்சியம் வேண்டாம். முதல் மருந்து குணம் செய்யாவிட்டால், அதே மருந்தை இரட்டிப்பாகக் கொடுப்பதை விட்டு, 'வேறு என்ன இருக்கலாம்?' என்று கேட்கிற டாக்டரைத் தேடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அதை எனக்கு நானே சொல்லிக் கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டி எத்தனையோ மாதம் அந்தப் பெண்ணின் வயிற்றில் இருந்தது. அவளுக்கு மூச்சுத் திணறலும் வலியும் கொடுத்தது. ஆனால் அவளைக் கடைசிப் பெஞ்சிக்குத் தள்ளியது அது அல்ல, நாங்கள். தெருவார் பேசியும், நான் பேசாதிருந்தும் அவளுக்கு ஒரு தப்பான பெயர் வைத்தோம். வைத்தியரின் தப்பான பெயர் உடம்பைக் கொல்லும். ஊராரின் தப்பான பெயர் உயிரோடு வைத்துக் கொண்டே கொல்லும். கென்டக்கியிலும் கிளாஸ்கோவிலும் நடந்ததைப் புத்தகத்தில் படித்து வியந்தவன், என் வகுப்பறையில் நடந்ததை இரண்டு வாரம் பார்க்காதவன் போல் இருந்தேன். கட்டியைக் காட்ட யந்திரம் வந்து விட்டது. கோழைத்தனத்தைக் காட்டும் யந்திரம் இன்னும் வரவில்லை. வந்தால் முதலில் என்னைத்தான் அதன் முன் நிறுத்த வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் பள்ளிக்கு வந்தாள். வகுப்புக்குள் நுழைந்ததும் வழக்கம் போலக் கடைசிப் பெஞ்சியை நோக்கி நடந்தாள். "அம்மா, உன் இடம் இங்கே" என்று முதல் பெஞ்சியைக் காட்டினேன். ஒரு நிமிஷம் தயங்கி நின்றாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். புத்தகப் பையை மடிமேல் வைத்துக் கொள்ளவில்லை, கீழே வைத்தாள்.